இன்வர்காரனில் மூடிய மணற்குழி

இன்வர்காரன் கோல்ஃப் மைதானத்தில் எனக்கு வேலை தொடங்குவது காலை நாலரைக்கு. ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் அதற்குள் நன்றாகவே விடிந்துவிடும். அன்றும் விடிந்திருந்தது. ஆனால் கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி, மணல்மேடுகளையும் கொடிக்கம்பங்களையும் மறைத்துவிட்டது. பாசி வாடையும் நறுக்கிய புல்லின் வாடையும் மூக்கில் ஏற, மணலைச் சமப்படுத்தும் பல் வைத்த வாருகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். இங்கே புல்லையும் மணலையும் பராமரிக்கும் ஆட்களுக்கு நான்தான் தலைவன். பெயர் ஃபெர்கஸ் லோரிமர்.

பந்தைக் குழியில் உருட்டும் பதினாலாவது திடல் ஓரம், பந்துக்குப் பொறியாக வைக்கும் மணற்குழி ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தோம். புதிது என்றால், பழையதுதான். 1926இல் இங்கே சாம்பியன்ஷிப் நடந்தபோது, போட்டிக்கு முந்தைய நாள் அதை அவசர அவசரமாக மூடிவிட்டார்கள். தொண்ணூற்றெட்டு வருடம் கழித்துச் சாம்பியன்ஷிப் திரும்பி வருகிறது. மைதானம் பழைய படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்றது கமிட்டி. ஆனால் நாலடிக்குக் கீழே ஒரு மண்வெட்டி கூடப் போகக்கூடாது என்று செயலாளர் ஸ்ட்ராகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று கிளப்பின் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வாரத்துப் பக்கத்தை யாரோ பிளேடால் சுத்தமாக அறுத்தெடுத்திருந்தார்கள்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இந்த விஷயத்தில் நம்பாததற்குக் காரணமும் உண்டு. என் அப்பாவின் தாத்தா மேக்னஸ் லோரிமர் இதே மைதானத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய மாலைதான் காணாமல் போனார். மீன் வெட்ட வந்த பெண் ஒருத்தியோடு கனடாவுக்கு ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் மனைவி பத்து வயது மகனோடு தலைகுனிந்து வாழ்ந்து செத்தாள். அந்தப் பழி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எண்பத்து நாலு வயதில் முதியோர் விடுதியில் இருக்கும் அப்பா, நான் வாங்கிக் கொடுத்த கம்பளிச் செருப்பில் இடது காலை இழுத்து இழுத்து வாசல்வரை வருவார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான்.

"தாத்தா நெசமாவே ஓடிட்டாராடா? நான் கண்ணை மூடுறதுக்குள்ள அது தெரிஞ்சா போதும்."

மணலை வாருவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்களிடம் சேர்கிறவன் முதல் நாளே அதைக் கற்றுக்கொள்வான். நடுவில் தொடங்கி, பின்னாலேயே நடந்து, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு விளிம்பில் ஏறிவிட வேண்டும். குழிக்குள் ஆள் வந்து போன சுவடே இருக்கக்கூடாது.

அன்று காலை அந்தக் குழியை எனக்கு முன்பே யாரோ வாரியிருந்தார்கள்.

ஆனால் விளிம்பில் தொடங்கியிருந்தார்கள். கோடுகள் சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் முடிந்திருந்தன. நடுவில் இரண்டு பூட்ஸ் தடம், ஆணி அடித்த பழைய காலத்து அடிப்பாகம். வெளியே வந்த தடம் எங்கும் இல்லை.

என் சந்தேகம் நேராக டூகி மேல் போனது. என்னோடு வேலை செய்பவன், குறும்பு பிடித்தவன்.

"கனடாவிலேர்ந்து உங்க தாத்தா திரும்பி வந்துட்டார் போல," என்று சிரித்தான். "பாவம், வழி மறந்துட்டார்."

"உன் வேலைதானடா இது?"

"என் பூட்ஸைப் பாரு. ரப்பர். இதுல ஏது ஆணி?" குழியை எட்டிப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "எப்படி வெளிய வந்தான்?"

மறுநாள் நாலு மணிக்கே போய் விளிம்பில் உட்கார்ந்தேன். பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. கடல் இரைச்சல் கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

உள்ளே வாருகோல் இழுபடும் சத்தம்.

சர்... சர்... சர்...

பொறுமையான கை. வேலை தெரிந்த கை.

"டூகி?"

சத்தம் நின்றது. ஈர மண் வாடை குப்பென்று வந்தது. குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. நடுவில் இருந்த இரண்டு தடங்களுக்குள் மணல் அப்போதுதான் சரிந்துகொண்டிருந்தது.

நேராக ஸ்ட்ராகன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பதிவேட்டிலிருந்து அறுத்தெடுத்த, மஞ்சள் பூத்த ஒரு தாளை நீட்டினார்.

"மாலை ஏழு மணிக்குக் குழியின் சுவர் சரிந்தது. லோரிமர் உள்ளே. தோண்டப்பட்டது. பத்து மணிக்குக் குரல் நின்றது. காலையில் ஆட்டம் இருப்பதால் மூடிப் புல் பதிக்கக் கமிட்டி தீர்மானித்தது."

அதை இரண்டு முறை படித்தேன்.

"எனக்கு முன்னால செயலாளரா இருந்தவர் குடுத்தது, அவருக்கு அதுக்கு முன்னால இருந்தவர்," என்றார் ஸ்ட்ராகன். "வர்ற வியாழக்கிழமை போட்டி ஆரம்பம். முடிஞ்ச மறுநாளே நானும் மண்வெட்டி எடுக்குறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடறேன் சார். அவருக்கு நாள் அதிகமில்ல."

"விடுதியில சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறம் போட்டியும் கிடையாது, உங்க வேலையும் கிடையாது. தொண்ணூத்தெட்டு வருஷம் பொறுத்தாச்சு, ஃபெர்கஸ். பத்து நாள்தானே?"

நான் வளர்த்த புல். என் வாழ்நாளில் ஒரே ஒரு சாம்பியன்ஷிப். சரி என்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன்.

அந்த ஞாயிறு அப்பா செருப்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதாடா?"

"ஒண்ணும் இல்லப்பா."

என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார்.

போட்டி அருமையாக நடந்தது. புல்லைப் பற்றிப் பேப்பரில் எழுதினார்கள். மூன்றாம் நாள், சனிக்கிழமை, பதினாலாவது திடலைச் சுற்றிக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது விடுதியிலிருந்து போன் வந்தது. அப்பா போய்விட்டார்.

திங்கட்கிழமை தோண்டினோம். ஸ்ட்ராகன் வார்த்தை தவறவில்லை, கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி. துருப்பிடித்த இரும்பு வாருகோல் ஒன்று கிடைத்தது. எலும்பு ஒரு துண்டு கூட இல்லை. வெறும் சுத்தமான மணல்.

"இங்கதான் இருந்தாருன்னா," டூகி மெதுவாகக் கேட்டான், "இப்ப எங்க போயிட்டாரு?"

ஸ்ட்ராகன் குனிந்து தன் கோட்டை எடுத்துக்கொண்டார்.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று நடுப்பகல், பனி துளியும் இல்லாத நல்ல வெயில். ஏழாவது திடலின் மணற்குழியை வாரினேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். நடுவில் தொடங்கி, பின்னாலேயே நடந்து, விளிம்புக்கு வந்துவிட்டதாக நினைத்துக் காலைத் தூக்கினேன்.

விளிம்பு இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நான்கு பக்கமும் வாரிய மணல், கோடு கலையாமல் இருந்தது. நான் நடுவில் நின்றேன். நான் உள்ளே வந்த தடம் எங்கும் இல்லை.

எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், என்னைப் பார்த்தபடி ஆணி அடித்த பூட்ஸ் தடம் இரண்டு.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி. தட்டையான கம்பளிச் செருப்பு. இடது தடம் மட்டும் இழுத்து இழுத்து நீண்டிருந்தது.