நோன்பு திறக்கும் நேரத்துப் பேக்கப்

செத்துப்போன ரவ்தாவின் குரலுக்கு ஸி ஹமாதி வைத்த விலை மாதம் இருபது தினார். இடவாடகை என்றார். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய எண்ணெய் மண்டியில் கணக்கும் கணினியும் பார்த்தவன் நவ்ஃபல், ரவ்தாவின் கணவன். அவன் கைபேசி கடலில் விழுந்த பிறகு, அவள் பேசி அனுப்பிய ஏழு ஒலித்துண்டுகள் மிஞ்சியது மண்டிக் கணினியில் மட்டும்தான். ஏழும் சேர்ந்து ஒரு ஆலிவ் கொட்டை அளவு இடம்கூட அடைக்காதே என்று பேரம் பேசிப் பார்த்தான்.

"ஆலிவை நான் கொட்டையோடதான்டா எடை போட்டு வாங்குறேன்," என்றார் ஸி ஹமாதி. "இருந்தப்ப அவ பேச்சைக் கேக்காம ராத்திரி பகலா இங்கயே கிடந்த. இப்ப என் செலவுல கேக்கணுமாக்கும்."

பத்து தினாருக்குப் படிந்தது.

ரமலானில் மண்டி விழிப்பதே இரவுத் தொழுகைக்குப் பிறகுதான். அதனால் நள்ளிரவில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பை நவ்ஃபல் மாலை ஆறரைக்கு மாற்றினான். கொஞ்ச நேரத்தில் நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கி வெடிக்கும், ஊரே சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும், கணினியை யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்கு மாறிய கோப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்து, தரையில் போட்ட துளை வழியாக இறங்கும் கம்பியில், கீழ்த்தளத்துச் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. கைவிடப்பட்ட எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே, கெட்டுப்போன எண்ணெயின் நெடி தொண்டையில் வழுக்கும் இருட்டில் இருந்தது அந்தப் பெட்டி. திருடன்கூட இறங்க அருவருப்பான் என்று ஸி ஹமாதிதான் அந்த இடத்தைக் காட்டினார். சாவி நவ்ஃபலின் இடுப்பில்.

கோளாறு சின்னதுதான். மாலைதோறும் பேக்கப் ரவ்தாவின் துண்டுகளுக்கு வந்ததும் நின்றது. "இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்." முதல் நாள் முதல் துண்டு, மறுநாள் இரண்டாவது. கொஞ்ச நேரத்தில், யாரோ நிதானமாகக் கேட்டு முடித்துக் கீழே வைத்ததுபோல, பிடி விட்டு நகலாகிவிடும். நவ்ஃபல் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். கடவுச்சொல்லை மாற்றினான். பென்டிரைவில் தனியாக எடுத்துவைக்கப் பார்த்தபோதும் திரை அதே வாக்கியத்தைத்தான் காட்டியது. பெட்டியோடு இணைந்திருப்பவர்களின் பட்டியலில் இரண்டு பேர். ஒன்று அவன். இன்னொன்றில் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

பெருநாளுக்குள் சரியாகாவிட்டால் அந்தப் பொம்பளையைத் துடைத்துப் போடு என்று ஸி ஹமாதி சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் மாலை நவ்ஃபல் மண்டியிலேயே தங்கினான். வீட்டில் அவனுக்காகச் சூப்பு ஊற்றி வைக்க யாருமில்லை. ஒரு குவளைப் பாலும் நான்கு பேரீச்சம்பழமும் மேசையில் இருந்தன. வெளியே கடைசிக் கடையின் இரும்புக் கதவு இறங்கியது, கடைசி மோட்டார் சைக்கிள் வீட்டை நோக்கிப் பறந்தது, பிறகு தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் அடங்கியது. அவன் கோப்புகள் மாறிய நேரங்களைப் பார்த்தான். முதல் துண்டு 6:31. அடுத்தது 6:32. அடுத்தது 6:33. நாளுக்கு ஒரு நிமிடம் தள்ளிப்போகும்படி கணினியில் யாரும் எதையும் அமைத்திருக்கவில்லை. சுவரில் மருந்துக்கடைக்காரன் கொடுத்த ரமலான் அட்டவணை தொங்கியது. எழுந்துபோய் விரலை வைத்துப் பார்த்தான்.

சூரியன் மறையும் நேரங்கள். ஒரு நிமிடம் பிசகவில்லை.

கணினிக்குப் பசி கிடையாது. பீரங்கிக்காகக் காத்திருப்பது பசித்தவர்கள் மட்டும்தான்.

முதல் துண்டைத் திறந்தான். அவனுக்கு மனப்பாடம் அது: நவ்ஃபல், வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, நேத்து மாதிரி மறந்துட்டு வந்து பல்லைக் காட்டாத. பின்னணியில் குழாயில் தண்ணீர் விழும். கடைசியில் அவள் சிரிப்பு.

குழாய்ச் சத்தம் இல்லை. ஏதோ ஒன்று ஈரமாக, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே அவள் குரல்.

"நவ்ஃபல், ரொட்டி வாங்க வேணாம். நீ வந்தா போதும்."

சிரிப்பு இருந்தது. அது மட்டும் மாறவில்லை.

யார் மாற்றினார்கள்? மேலேயிருந்துதானே கீழே போகிறது? பேக்கப்பின் அமைப்பைத் திறந்தான். பிரெஞ்சு வேண்டாம் என்று ஸி ஹமாதி அடம்பிடித்ததால் ரமலானுக்கு முன்தான் திரையை அரபிக்கு மாற்றியிருந்தான். அரபி வந்தால் திரை முழுவதும் இடவலம் திரும்பிவிடும். அவன் கை திரும்பவில்லை. பழைய பழக்கத்தில் மண்டிக் கணினியை இடப்பக்கமும் கீழ்த்தளத்தை வலப்பக்கமும் போட்டிருந்தான். அம்பு வலமிருந்து இடமாகப் பாய்ந்தது.

இங்கிருந்து எதுவும் கீழே போகவில்லை. இத்தனை நாளும் அங்கே மாறியதுதான் மேலே வந்துகொண்டிருந்தது.

பீரங்கி வெடித்தது.

ஜன்னல் அதிர்ந்தது. பள்ளிவாசல்களிலிருந்து பாங்கு எழுந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. நவ்ஃபல் பழத்தைத் தொடவில்லை. பாய்ந்துபோய்க் கம்பியைப் பிடுங்கினான். ஒலிபெருக்கியை அணைத்தான்.

திரையில் ஓடிய நகல் எண்கள் நிற்கவில்லை.

கம்பியின் முனை தரையில் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். அது அசைந்தது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. கீழேயிருந்து யாரோ, நூல் சுற்றுவதுபோல, பொறுமையாக இழுத்தார்கள். முனை துளைக்குள் போனது.

சாவி இடுப்பில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தான்.

கீழ்த்தளத்துப் பூட்டு திறந்தது.

எண்ணெய் நெடி. முதல் படி. வழுக்கும் கால். அடுத்த படி. மெல்லும் சத்தம்.

"நவ்ஃபல்," என்றாள்.

திரை அரபியில் கணக்கை முடித்து வைத்திருந்தது.

மாறியவை ஏழு.
மேலே வந்தவை ஆறு.
பாக்கி ஒன்று.