கயிற்றில் மூன்று சுண்டல்

லிப்ட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. டிக்சனின் காது மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

உயரம் போனால் காது அடைக்கும் என்று பக்கத்தில் நின்ற யாரோ தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்சனுக்கு இரண்டு அடைப்பும் தெரியும். இருபது வருஷம் சங்குக் குளியோடு, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிற தொழிலோடு, கிடந்தவன் அவன். கடலடியிலிருந்து மேலே வரும்போது காது உள்ளிருந்து வெளியே புடைக்கும். கீழே போகும்போது யாரோ இரண்டு கட்டைவிரலை வைத்து உள்ளே அமுக்குவதுபோல இருக்கும். இப்போது அமுக்கியது. மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தான். விடவில்லை.

"என்ன மாமா, கடலுக்குள்ள இறங்குத மாதிரி மூக்கப் பிடிக்கிய?" என்று ஈவா சிரித்தாள்.

ஈவாஞ்சலின் அவன் தங்கை விஜிலாவின் ஒரே மகள். நர்சிங் முடித்துவிட்டாள்; திங்கட்கிழமை கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு முன்னால் கடற்கரையில் புதிதாய் எழுப்பியிருக்கிற இந்தக் கோபுரத்தில் ஏறி, உச்சியிலிருந்து நாற்காலியில் தொங்கிக்கொண்டு இறங்குகிற அந்த விளையாட்டையும் ஆடிவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விஜிலாவுக்கு உயரம் என்றால் தலைசுற்றும். மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ணே, நீ கூடப் போ. நீ நின்னா எனக்குப் பயமில்ல" என்றாள்.

அவள் இன்னும் அப்படித்தான் சொல்கிறாள். நான்கு வருஷமாக அந்த நம்பிக்கையைத் தின்றுதான் டிக்சன் உயிரோடு இருக்கிறான். உப்பளத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தது ஊருக்குத் தெரியும். வளைத்தது மூட்டை இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

சங்கு குளிக்கப் போகிறவனுக்கு மேலே படகில் கயிறு பிடிப்பது மச்சினன்தான். வேறு ஆளை நம்பமாட்டார்கள். தன் தங்கச்சி தாலி அறுவதற்கு எந்த அண்ணனும் கையை நழுவவிடமாட்டான் என்று முன்னோர் போட்ட கணக்கு அது. கயிறு கையில்தான் இருக்க வேண்டும், படகின் கட்டையில் கட்டக் கூடாது. கீழே இருக்கிறவன் கயிற்றை மூன்று தரம் சுண்டினால் தூக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

விஜிலாவின் புருஷன் கிருபாகரன் அன்றைக்குப் பத்துப் பாகம், அறுபதடி, ஆழத்தில் கிடந்தான். படகில் டிக்சனைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு போன் வந்தது, பழைய சேக்காளி. சிக்னல் படகின் முன்பக்கத்தில்தான் கிடைத்தது. கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போனான். சிரிக்கச் சிரிக்கப் பேசினான். திரும்பி வந்தபோது முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கீழேயிருந்து எத்தனை தரம் சுண்டினால் ஒரு முடிச்சு அப்படி இறுகும்? அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்து, பிணமாகத்தான் தூக்கினான்.

பாறையில் சிக்கிவிட்டது, கயிறு என் கையில்தான் இருந்தது என்று திரேஸ்புரம் முழுக்கச் சொன்னான். விஜிலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லிப்ட் கதவு திறந்தது.

உச்சியில் வட்டமான கண்ணாடிக் கூடம். வெளியே பொழுது அடங்கும் நேரம். உப்புக் குவியல்கள் வெளிறிக் கிடந்தன, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாய் விழித்தன, துறைமுகத்துக் கிரேன்கள் தலை குனிந்து நின்றன. கண்ணாடிக்கு ஏதோ பச்சை மை பூசியிருந்ததால் கூடத்துக்குள் நின்ற எல்லோர் முகமும் வெகுநாள் நீரில் கிடந்தது மாதிரி இருந்தது. தரை ஈரமாக இருந்தது. துடைத்த ஈரம் இல்லை, காலடியில் நறநறத்தது. குனிந்து தொட்டான். மணல். இருநூறு அடி உயரத்தில். எங்கிருந்தோ, சதை அழுகட்டும் என்று குழியில் போட்டுவைத்த சங்கின் வாடை மெல்ல எழுந்து வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

"ஈவா, வேண்டாம்ளா. லிப்ட்லயே இறங்கிருவோம்."

"மாமா, நீங்களே இப்படிப் பயந்தா எப்படி? கடல் பாத்த ஆளு!"

கூடத்தின் ஓரத்தில் ஒரு திறந்த வாசல், இடுப்பளவுக்குக் கம்பி. அங்கேதான் நாற்காலியில் வார் போட்டுக் கட்டி, இரும்பு வடத்தில் இறக்குகிறார்கள். காற்றில் நாற்காலி சுழலாமல் இருக்க அதன் அடியில் ஒரு நைலான் கயிறும் உண்டு. அதை மேலே நின்று ஒருவன் பிடித்துக்கொள்கிறான். சட்டையில் சிவபாலன் என்று அட்டை குத்தியிருந்த பையன். நீலக் கயிறு. டிக்சன் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஈவா கத்திக்கொண்டே இறங்கினாள். சத்தம் தேய்ந்தது. பாதிவழி போயிருப்பாள், சிவபாலனின் போன் அடித்தது. அவன் கயிற்றைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"ஏலே தம்பி! கயித்தக் கட்டாத!"

"என்ன அண்ணாச்சி இப்படிப் பதறுதிய? பிள்ளையத் தாங்குதது இரும்பு வடம்லா. இது சும்மா ஆட்டத்துக்கு."

"கையில பிடில. சொல்லுதேன்லா."

"ரெண்டு நிமிசம். வீட்டுல இருந்து கூப்பிடுதாவ." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

டிக்சன் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தான். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையில் கயிறு ஓடியது, நின்றது. அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"மாமா, இறங்கிட்டேன்! வார் எல்லாம் கழட்டியாச்சு. அம்மாகூட நிக்கேன், கை காட்டுதேன், தெரியுதா?"

எட்டிப் பார்த்தான். பெஞ்சுக்குப் பக்கத்தில் எறும்பளவு இரண்டு உருவம். ஒன்று கையை ஆட்டியது. நாற்காலி தரையில் கிடந்தது. அவன் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது.

போனில் விஜிலா வந்தாள். "எண்ணே, போன் கேமராவுல பெருசாக்கிப் பாத்தேன். கயித்த நீயே கையில வாங்கிப் பிடிச்சியே. அவரையும் கடைசி வரைக்கும் இப்படித்தான பிடிச்சிருப்ப."

இப்போது சொல்லிவிட வேண்டும். இதற்கப்புறம் எப்போதும் முடியாது.

"ஏளா விஜிலா. அன்னைக்கு..."

வாயில் உப்புக் கரித்தது. 

"என்னண்ணே? கேக்கல. தண்ணிக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கு."

"அன்னைக்குக் கயிறு..."

சிக்னல் போய்விட்டது. போனை அவன் மெல்லத் தாழ்த்தினான்.

கையில் கயிறு சுண்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

கீழே நாற்காலி அசையாமல் கிடந்தது. கயிறு அதற்குப் போகவில்லை. கோபுரத்தின் நிழலுக்குள் இறங்கி, நிழல் கறுத்த இடத்தில் காணாமல் போயிருந்தது. மறுபடியும் மூன்று. இந்தத் தடவை அவசரமாய்.

இழுக்கத் தொடங்கினான். யோசிக்கவில்லை, கை தானே இழுத்தது. ஒரு பாகம். இரண்டு பாகம். நனைந்த கயிறு, குளிர்ந்த கயிறு. பாசி வழுக்கியது. ஐந்து. ஆறு. கனம் கூடியது. அந்தக் கனம் அவனுக்குத் தெரியும். எட்டு. ஒன்பது.

பத்து.

கனம் போய்விட்டது. முனை கம்பியைத் தாண்டி வந்து காலடியில் விழுந்தது. ஆள் இல்லை. சாய்வாக, சுத்தமாக, கத்தி வெட்டிய முனை.

"சிவபாலன் தம்பி..."

குரல் வெளியே வரவில்லை. திரும்பினான். கூடத்தில் யாரும் இல்லை. பச்சை வெளிச்சம் மட்டும் மெல்ல அசைந்தது. காதுக்குள் இரண்டு கட்டைவிரல்களும் ஆழமாய் இறங்கின. மணல் கணுக்கால் வரை இருந்தது.

இடுப்பில் ஏதோ இறுகியது.

நீலக் கயிறு. அவன் இடுப்பைச் சுற்றி. அங்கிருந்து மேலே போனது. நிமிர்ந்து பார்த்தான். கூரை இல்லை. பச்சைக்கு மேல் பச்சை, அதற்கும் மேலே, பத்துப் பாகத்தில், ஒரு படகின் கறுத்த அடிவயிறு.

மூச்சு இல்லை.

கயிற்றைப் பிடித்தான். சுண்டினான். மூன்று தரம். யாரும் தூக்கவில்லை. மறுபடி மூன்று. மறுபடி. ஒவ்வொரு சுண்டலுக்கும் மேலே எங்கேயோ ஒரு முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகுவது அவன் கைக்குத் தெரிந்தது.

மேலே, படகின் முன்பக்கத்தில், யாரோ போனில் பேசுகிற சத்தம் தண்ணீர் வழியாக இறங்கி வந்தது. சிரிக்கச் சிரிக்கப் பேசினான் அவன்.

டிக்சனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அது அவனுடையது.