மெக்ரேவி கல்லறையின் குரல்

மழை பிடித்துக்கொண்டதால்தான் அவர்கள் உள்ளே போனார்கள். மெல்பேர்ன் நகரின் நடுவே, ஸ்கொட்லாந்துக்காரர் கட்டிய பழைய கருங்கல் தேவாலயம். அன்று பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டிருந்தார்கள். சதீசனின் மனைவி பிரியந்தினி குளிருக்குப் பயந்து மேலேயே மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். சதீசன் மகள் தாரிணியைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான். மெக்ரேவி என்ற கம்பளி வணிகரின் குடும்பம் அங்கேதான் அடக்கம்.

கீழே ஈரச் சுண்ணாம்பு மணத்தது. சுவரில் பதித்த கற்பலகைகளில் பெயர்கள். மூலைப் பலகையில் குழந்தைகள் மட்டும். எல்லோரும் ஒரே குளிர்காலத்தில் காய்ச்சலில் போனவர்கள்.

தாரிணி அந்தக் கல்லில் காதை வைத்தாள்.

"அப்பா, உள்ளுக்க பிள்ளையள் விளையாடுகினம்."

சதீசன் சிரித்துக்கொண்டே படமெடுக்கக் கைபேசியைத் தேடினான். நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை.

"அப்பா, இஞ்ச ஒரே இருட்டா இருக்கு."

குரல் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பலகையைச் சுற்றி விரல் நுழைய இடமில்லை. அவன் நகத்தால் பிறாண்டினான், தோளால் இடித்தான், மகளின் பெயரைச் சொல்லி அலறினான். இடம் காட்டும் வெள்ளைக்காரப் பெண்மணி ஓடிவந்து கல்லில் கை வைத்தார். சுட்டுவிட்டதுபோல உடனே இழுத்துக்கொண்டார்.

"ஏன் இப்பிடிக் கத்துறியள்?" படியில் பிரியந்தினி நின்றாள். "பிள்ளை என்னோட எல்லோ நிக்கிறாள். இப்பதான் மேல ஓடி வந்தவள்."

அவள் கையைப் பிடித்தபடி தாரிணி நின்றாள். அதே சிவப்புக் கோட்டு. அதே இரட்டைப் பின்னல்.

"அப்பா, போகாதேங்கோ."

அது கல்லுக்குள்ளிருந்து.

அந்தப் பெண்மணி எல்லோரையும் வெளியேற்றி, கதவைப் பூட்டினார்.

அதன் பிறகு சதீசன் வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. வீடிருந்த புறநகர் கிரெய்கிபர்னிலிருந்து ரயிலேறி வந்து, தேவாலயத்தின் பக்கச் சுவரில், நிலவறைக்குக் காற்றுப் போகும் இரும்புக் கம்பித் துவாரத்தருகே குந்தியிருப்பான். உள்ளே தாரிணியின் குரல் அழும். கல்லை உடைக்கச் சொல்லி அவன் கெஞ்சாத ஆளில்லை. பொலிஸ் வந்து எச்சரித்தது. படகில் அகதியாக வந்தவன், நிரந்தர விசா இன்னும் இல்லை. ஒரு வழக்குப் போதும், மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தானே உடைக்கவும் முடியாமல், விட்டுவரவும் முடியாமல் உருக்குலைந்தான்.

வீட்டில் இருந்தவள் சாப்பிட்டாள், சிரித்தாள், பள்ளிக்கூடம் போனாள். அவளைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை.

"பெத்த பிள்ளையைப் பார்த்துப் பயப்பிடுறியளே!" பிரியந்தினி ஒருநாள் உடைந்து அழுதாள். "வாங்கோ. நானும் வாறன். ஒண்டுமில்லையெண்டு நானே கேட்டுச் சொல்லுறன். அதோட இதை விடுங்கோ."

மூவரும் போனார்கள். பட்டப்பகல். தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. பிரியந்தினி ஈரப் புல்லில் முழங்காலிட்டு, கம்பியில் காதை வைத்தாள்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"தாரிணி?" என்றாள், கம்பிக்குள் பார்த்து.

பின்னாலிருந்து சின்னக் கையொன்று அவள் தோளை இறுகப் பற்றியது.

"அம்மா," என்றது பிள்ளை மெதுவாக, "அவளோட கதைக்காதேங்கோ."