பிழைவரம்பைத் தாண்டி

பவள ஆய்வுத் துறையின் உறைகுளிர்ப் பெட்டியில் மேல்தட்டு பவளத் திசுக்களுக்கு, கீழ்த்தட்டு ஐஸ் பைகளுக்கு. காலையில் ஆய்வகம் திறந்ததும் முதலில் காலியாவது கீழ்த்தட்டுதான். எதிர் வராந்தாவில் இருக்கும் மின்கலத் துறை மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, "மேடம், ஒரு பை கிடைக்குமா?" என்று தலையைச் சொறிவார்கள். ஒருவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கும். இன்னொருவன் உட்கார முடியாமல் நின்றபடியே பேசுவான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வுகளுக்கு நல்கை என்று அரசு நிதி கொடுக்கும் மாதம் வந்துவிட்டால் முத்துக்கரைப் பல்கலைக்கழகமே நொண்டிக்கொண்டுதான் நடக்கும்.

துறைத்தலைவர் சுகந்தி பெர்னாண்டோவும் இடது தோளில் ஒரு பையை வைத்திருந்தாள். அது போன நல்கையின் வலி. வந்து மாதக்கணக்காகியும் கிளம்ப மனமில்லாமல் குடியிருந்தது. அவளுடைய ஆய்வு மாணவி ஹசீனா பையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ? இன்னொரு தடவ வாத்தியார்கிட்ட போனா கை வெளங்காதுன்னு சொன்னாவளா இல்லியா?"

"சொன்னாரு. அவரு சொன்னா நல்கை வீடு தேடி வந்துருமா?"

வாத்தியார் என்பது ஓர் இயந்திரம். அரசாணையில் அதற்கு 'உறுதிச்சான்றுக் கருவி' என்று பெயர்; அடி வாங்கியவர்கள் வைத்த பெயர் வாத்தியார். ரப்பர் உறை போட்ட இரும்புக் கை ஒன்று, விண்ணப்பித்தவரின் உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு விசையோடு விழ வேண்டும் என்று அளந்து விழும். அடிக்கு அடி விசை ஏறும். அடிபடுபவர் கையைத் தூக்கினால் நின்றுவிடும். யார் அதிகம் தாங்குகிறாரோ அவருக்கு நல்கை.

இதைக் காட்டுமிராண்டிகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நன்றாகப் படித்தவர்கள் கமிட்டி போட்டுக் கண்டுபிடித்தார்கள். தாமே யோசித்து எழுதும் எழுதுபொறிகள் வந்த பிறகு எல்லா விண்ணப்பங்களும் அப்பழுக்கில்லாமல் வரத் தொடங்கின. மதிப்பிட்டதும் பொறிகள்தான் என்பதால் எல்லாருக்கும் முழு மதிப்பெண். குலுக்கல் போட்டுப் பார்த்தார்கள், வழக்கு வந்தது. கடைசியில் நல்கைக் கழகத்து மேதை ஒருவர் சொன்னார்: பொறி சொல்லை எழுதித் தரும், வலியைத் தாங்கித் தராது, தன் ஆய்வின் மேல் உண்மையான நம்பிக்கை உள்ளவர் தாங்குவார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரிய அக்கிரமங்கள் எல்லாமே முதலில் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன.

விண்ணப்பத்தில் முதல் பெயர் யாருடையதோ அவருக்குத்தான் அடி என்றது விதி. அவ்வளவுதான், முதல் பெயருக்காக மாணவனின் உழைப்பைத் திருடிய பேராசிரியர்கள் எல்லாம் ஒரே நாளில் தாராள மனதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். "நீதானப்பா உழைச்சே, உன் பேரு முன்னால வரட்டும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். மின்கலத் துறைத்தலைவர் தண்டபாணி ஒரு படி மேலே போய், முனைவர் பட்ட இடங்களைக் கபடி ஆடுபவர்களுக்குக் கொடுத்தார். மின்கலத்தில் எது நேர்முனை என்று தெரியாதவன்கூட அங்கே விண்ணப்பத்தில் முதல் பெயர். போன வருடம் அவர்களில் ஒருவன் வாத்தியாரின் அடியில் மண்ணீரல் கிழிந்து அங்கேயே செத்தான். தண்டபாணி மாலை போட்டுவிட்டு வந்து அடுத்த பெயரை எழுதினார்.

சுகந்தி மட்டும் தன் பெயரையே முதலில் எழுதி வந்தாள். விலா, முன்பல், தோள் என்று ஒவ்வொரு நல்கைக்கும் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். மாணவர்கள் தடுத்தால், "நான் சாகுறப்ப நீங்க அழுதா போதும், இப்ப வேலையப் பாருங்க" என்பாள்.

கபடிக்காரன் செத்த பிறகு செய்திகளில் கொஞ்ச நாள் கூச்சல் இருந்தது. அதன் பலனாகத்தான் புதிய அறிவிப்பு வந்தது: ஆய்வுப் பண்பாடு மற்றும் தலைமைத்துவ மேம்பாட்டு நல்கை. வெல்லும் துறைக்கு நிதி தடையில்லாமல் வரும், அதன் மாணவர்கள் இனி வாத்தியாரிடம் போகவே வேண்டாம். தோற்கும் துறைகள் வெல்லும் துறையோடு இணைக்கப்படும். அதாவது தண்டபாணி வென்றால் ஹசீனாவும் மற்றவர்களும் அவருடைய விண்ணப்பங்களில் முதல் பெயர்கள்.

"இது ஒண்ண மட்டும் வாங்கிட்டா போதும். தோளு போனா போவுது" என்றாள் சுகந்தி.

களம் பல்கலைக்கழகத்தின் பழைய பட்டமளிப்பு அரங்கம். மேடையில் வாத்தியார், கீழே துறைகள். சுகந்தி மேல்சட்டையைக் கழற்றிக் களச்சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறியபோது, கழகத்தின் கண்காணிப்பாளர் நளினகுமார் பணிவாக வழிமறித்தார். சென்னைக்காரர், வெண்ணெய் மாதிரிப் பேச்சு.

"மேடம், நீங்க இல்ல. இது தலைமைத்துவ நல்கை. தலைவர் எவ்வளவு தாங்குறாங்கன்னு பார்த்து என்ன பிரயோஜனம்? அவங்களுக்காக அவங்க டீம் எவ்வளவு தாங்குதுன்னு பார்க்கணும். மாணவர் ஒருத்தர் வரட்டும். அவர் கையத் தூக்கினா நின்னுடும். நீங்க இந்தப் பொத்தான அழுத்தினாலும் நின்னுடும்."

பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். விலகிக்கொள்கிறோம் என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே இசக்கிராஜா மேடையில் ஏறி நின்றான். உடன்குடிக்காரன், ஒடிசலான உடம்பு. சூடான கடலிலும் வெளுக்காத பவளத்தை வளர்த்துக் காட்டியவன் அவன்தான்.

"எறங்குல கீழ" என்றாள் சுகந்தி.

"மேடம், ஒருதரந்தான? இதுக்கப்புறம் நம்மள்ல யாரும் வர வேண்டாம்லா? நீங்க எத்தன வாட்டி எங்களுக்காக வாங்கியிருக்கீய. நான் கையத் தூக்க மாட்டேன். நீங்களும் பொத்தான அமுக்கிராதீய."

முதலில் மற்ற துறைகள் போயின. மின்கலத் துறைக்காகப் பனைமரம் போல ஒருவன் வந்தான். வாத்தியார் அவன் தொடைகளை விளாசியது, வயிற்றில் குத்தியது, தோள்பட்டையை இறக்கியது. தாங்கினான். தண்டபாணி கீழேயிருந்து, "பட்டம் வேணுமா வேணாமாலே?" என்று கத்தினார். அவன் வாயில் வந்த இரத்தத்தைத் துப்பினான், அவரைப் பார்த்துச் சிரித்தான், கையைத் தூக்கிவிட்டான். அதுவரை அவன் தாங்கியதே பெரிய அளவுதான். மேடையில் இருந்த அளவுப் பலகையில் அது சிவப்புக் கோடாக நின்றது.

அடுத்து இசக்கிராஜா. முதல் அடி தொடையில் விழுந்தபோது அவன் சிரிக்க முயன்றான். அதற்கடுத்தது முதுகில். சட்டை கிழிந்தது, பிறகு தோல். முன்கையில் விழுந்த அடியில் எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டாள். விலாவில் ஒன்று, அதே விலாவில் இன்னொன்று. அவன் மண்டியிட்டபோது இடுப்பில் கட்டியிருந்த வாத்தியாரின் பட்டைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் இரத்தம் கொட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவன் வீங்கிய கண்ணைத் திறந்து சுகந்தியைத் தேடினான். தேடிக் கண்டுபிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

சுகந்தியின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. பலகையில் அவனுடைய பச்சைக் கோடு ஏறி ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. அரங்கம் எழுந்து நின்றது.

அப்போது அவள் அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே இருந்தது மயிரிழை வித்தியாசம், கருவி அளப்பதில் தவறக்கூடிய பிழைவரம்புக்கு உட்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இதே போன்ற ஒரு வெற்றியைத் தண்டபாணி பிழைவரம்பைக் காட்டியே மேல்முறையீட்டில் கவிழ்த்தது அவளுக்குத் தெரியும். ஆயுள் முழுக்க அளவுகளோடு வாழ்ந்தவள். ஐயத்துக்கு இடமிருக்கிற ஒரு முடிவை அவளால் முடிவு என்று ஏற்க முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு அடி, பிறகு யாரும் வாய் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டாள்.

அந்த ஒரு அடி முதுகெலும்பில் விழுந்தது. அவன் உடம்பு ஒருமுறை துள்ளியது, பிறகு இடுப்புக்குக் கீழே எல்லாம் துணி போலத் தொங்கியது. சுகந்தி பொத்தானை அழுத்தினாள். அது நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஹசீனா வந்து விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் இசக்கிராஜாவுக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கெடச்சிருச்சா மேடம்?"

"கெடச்சிருச்சு."

"எந்த அடியில தாண்டினோம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. "கடைசிக்கு முந்துன அடியிலயே தாண்டியாச்சுப்பா" என்றாள். சொல்லிவிட்டு, அவன் திட்டுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள்.

அவன் யோசித்தான். "பிழைவரம்பு இருக்குல்லா மேடம். தண்டபாணி சும்மா விட்ருவாரா? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றான். பிறகு போர்வைக்குள் கிடந்த தன் கால்களைப் பார்த்தான். சுகந்தி வெளியே வந்து, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

நளினகுமார் அங்கேயே பூங்கொத்தோடு காத்திருந்தார். அழுது முடிக்கும் வரை நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாழ்த்துகள் மேடம். கழகத்துல எல்லாரும் அசந்துபோயிட்டாங்க. அந்தப் பையன் தாங்கின அளவு, அந்த உடம்புக்கு எங்க கணக்குப்படி சாத்தியமே இல்ல. பயமுறுத்திப் பார்த்திருக்கோம், பட்டம், வேலைன்னு ஆசை காட்டியும் பார்த்திருக்கோம். எதுலயும் பாதி தூரம்கூட வரல. நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்க மாணவர்களையே கேட்டோம். 'எங்க மேல பாசமா இருப்பாங்க'ன்னு எல்லாரும் ஒரே பதிலச் சொன்னாங்க."

சுகந்தி பூங்கொத்தை வாங்கவில்லை.

"இதைத்தான் நாடு முழுக்கக் கொண்டுபோகப் போறோம். அன்புவழித் தலைமைத்துவம். துறைத்தலைவர்கள் எல்லாரும் உங்ககிட்டப் பயிற்சிக்கு வருவாங்க. எப்படி அன்பா இருக்கணும்னு நீங்க சொல்லிக் கொடுக்கணும். தண்டபாணி சார் முதல் ஆளாப் பேர் கொடுத்துட்டார். இனிமே எல்லாத் துறைக்கும் இசக்கிராஜா தாங்கினதுதான் அடிப்படை அளவு."

"எங்க பிள்ளைங்க இனிமே போக வேண்டாம்னு இருக்கே. அது நெசந்தான?"

"நிச்சயமா. சான்றுக்குப் போகவே வேண்டாம். பயிற்சிக்கு வர்றவங்களுக்குச் செஞ்சு காட்ட மட்டும் அப்பப்ப ஒருத்தர் வேணும். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். அவங்களா முன்வரணும். உங்க துறைல அதுக்கா பஞ்சம்?"

பஞ்சம் இல்லை என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. விஷயத்தைச் சொல்லி, யாரும் பெயர் கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் மாணவர்களைக் கூட்டினாள். 'செய்து காட்ட ஒருவர்' என்ற சொல் வாயிலிருந்து விழுவதற்குள் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. ஹசீனா எழுந்தே நின்றுவிட்டாள்.

"நான் போறேன் மேடம். ஆள் வரலன்னா நல்கைய நிறுத்திருவாவ, உங்களத்தான் மறுபடி கூப்பிடுவாவ. நான் இருக்கையில நீங்க ஏன் போவணும்?"

"வேண்டாம்னு சொல்லுதேன்லா?"

"நீங்க சொல்லத்தான் செய்வீய. எங்க மேல உள்ள பாசத்துல."

சுகந்தி அந்த முகங்களைப் பார்த்தாள். மிரட்டி வைத்திருந்தால் இவர்கள் முதல் அடியிலேயே கையைத் தூக்கிப் பிழைத்திருப்பார்கள். தண்டபாணியின் மாணவன் பிழைத்தானே, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனானே. அவனைக் காப்பாற்றியது அவன் வெறுப்பு. இவர்களைக் கொல்லப் போவது இவர்கள் அவள் மேல் வைத்த பாசம். இவர்களுக்குத் தன்னை வெறுக்கக் கற்றுத் தர வேண்டும், அதுவும் இன்றைக்கே, பயிற்சிக்கு வரும் துறைத்தலைவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே.

நடந்து போய் ஹசீனாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தோள் கெடாத வலக்கை அது. ஹசீனா மேசையில் மோதி விழுந்தாள், கண்ணாடிக் குடுவைகள் உருண்டு உடைந்தன. "நாய்களா" என்று சுகந்தி கத்தினாள். "உங்கள யாருல தூக்கச் சொன்னா கைய? எனக்கு நல்கைதான் வேணும், நீங்க எவன் செத்தாலும் எனக்கென்ன? அவன் முதுகு போனதுக்கு நான் ஒரு சொட்டு கண்ணீர் விட்டிருப்பேனா?" பொறுக்கியெடுத்த அசிங்கமான சொற்கள் எல்லாவற்றையும் கொட்டினாள். குரல் பாதியில் உடைந்து காட்டிக்கொடுத்தது.

ஹசீனா கையை ஊன்றி எழுந்தாள். உதடு கிழிந்து தாடையில் இரத்தம் வழிந்தது. பயமோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற கவலைதான் இருந்தது.

"பரவால்ல மேடம்" என்றாள். "உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? ஆத்திரம் தீர அடிங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

சுகந்தி மறுபடியும் கையை ஓங்கினாள். ஹசீனா விலகாமல் நின்றாள்.