பிசிறு என்று வெட்டியது

அரத்தைக் கீழே வைத்த பிறகும் ராவுகிற சத்தம் நிற்கவில்லை.

டெய்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். துடியலூர் ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருந்த அந்த பிரிண்டிங் அறையில், பகல் ஒன்றே முக்கால் மணிக்கு, ஏசியின் முனகலும் காயாத பிளாஸ்டிக்கின் புளித்த வாடையும் ஸ்பிரிட் நெடியும் மேலே ஸ்ட்ரெச்சர் உருளுகிற அதிர்வும் எப்போதும் போலத்தான் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத்தில் அரத்தை இழுப்பதுபோல, சர்... சர்... என்று ஏதோ ஒன்று. மேசைமேல் இருந்த இதயத்துக்குள்ளிருந்து வந்தது. நாலு இழுப்பு. அடங்கிவிட்டது.

"போ" என்றாள் அதைப் பார்த்து. "உன்னையாட்டம் எத்தனை பார்த்திருப்பேன்."

பார்த்தவள்தான். மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உடைத்த பாக்கியசாமியின் மகள். பதினோரு வருடம் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில், பம்பு வார்ப்புகளில் வேண்டாமல் துருத்தி நிற்கும் பிசிறு எடுத்தவள். எது பம்பு, எது பிசிறு என்று கண்ணை மூடிக்கொண்டே விரலால் சொல்வாள். அந்த விரலுக்காகத்தான் இங்கே வேலை கொடுத்தார்கள். நோயாளியின் ஸ்கேனை வைத்து பிரிண்டர் அவருடைய இதயத்தைப் பிளாஸ்டிக்கில் அப்படியே வார்த்துத் தரும். வார்க்கும்போது சரியாமல் இருக்க உள்ளே நிற்கும் முட்டுக்குச்சிகளை அவள் வெட்டி, அடியை ராவி வழவழப்பாக்குவாள். டாக்டர் அதைக் கத்தியால் கிழித்து, தைத்து, ஒத்திகை பார்ப்பார். அப்புறம்தான் நிஜ நெஞ்சைத் திறப்பார்.

இது இனியாவுடையது. நாலு வயது. இதயச் சுவரில் ஓட்டை. நாளைக் காலையில் ஆபரேஷன்.

வேலை முடிந்த பிறகு ஸ்கேனிலிருந்து வரைந்த படத்தைப் பார்க்கிற பழக்கம் டெய்சிக்கு இல்லை. அந்தச் சத்தம்தான் பார்க்க வைத்தது. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். முட்டுக்குச்சிகள் சாம்பல் நிறம், சதை சிவப்பு. வலது கீழறைக்குக் குறுக்கே ஓடிய கடைசிக் குச்சி, இப்போதுதான் அவள் வெட்டியது, படத்தில் சிவப்பாக இருந்தது.

குச்சி இல்லை. துடிப்பைக் கொண்டுபோகிற தசைப்பட்டை.

பம்பின் வயிற்றுக்குள் குறுக்கே எது நின்றாலும் அது பிசிறுதான். இரும்பில் படித்த விரல் அது. பிள்ளையின் இதயத்தையும் அப்படியே படித்துவிட்டது.

போன் அடித்தது. வார்டு நர்ஸ் ஷைலா.

"அக்கா, மாடல் ஆச்சுங்களா? இனியா பாப்பாவுக்குத் திடீர்னு துடிப்பு தடுமாறுது. டாக்டர் இப்பவே ஒத்திகை பார்த்துப்போட்டு, சாயங்காலமே ஆபரேஷன் வெச்சுக்கலாங்கறாரு."

"எப்ப இருந்து?"

"ஒண்ணே முக்கா இருக்குமுங்க. நல்லாத்தான் இட்லி தின்னுட்டிருந்துச்சு. என்னமோ அறுந்தாப்பல அப்படியே சாஞ்சிருச்சு. மூச்சு சர்ரு சர்ருனு இழுக்குது."

டெய்சி தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டாள்.

"போனை வைக்காத கண்ணு. பாப்பா பக்கத்துலயே நில்லு."

தட்டில் கிடந்த துண்டை இடுக்கியால் எடுத்தாள். அரிசி நீளம்தான் இருந்தது. இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் பிசினைத் தொட்டு, இருந்த இடத்தில் பொருத்தி, நழுவாமலிருக்க இதயத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிசினைக் காயவைக்கிற நீல விளக்கைக் காட்டினாள்.

"அக்கா..." ஷைலாவின் குரல் மாறியிருந்தது. "நெஞ்சை யாரோ புடிச்சு அமுக்கறாங்கன்னு அழுகுதுங்க."

டெய்சி விரல்களைத் தளர்த்தினாள்.

"இப்ப?"

"இப்ப இல்லையாம். ஏனுங்கக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிசின் இறுகியது. இரண்டு நிமிடத்தில் துடிப்பு சரியாகிவிட்டது என்றாள் ஷைலா. ஆனாலும் டாக்டர் முடிவை மாற்றவில்லையாம். மூன்று மணிக்கு ஒத்திகை.

கத்தி வைத்துக் கிழிப்பார்கள். ஊசி போட்டுத் தைப்பார்கள். மயக்க மருந்து கொடுக்காத பிள்ளை. முழித்துக்கொண்டு படுத்திருக்கிற பிள்ளை.

எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள்.

மாடலை வாங்க வந்தவன் வின்ஸ்டன், ஸ்கேனிலிருந்து படம் வரைகிற இன்ஜினியர். தட்டினான். "டெய்சிக்கா, திறங்க. டாக்டர் கையுறை மாட்டிட்டு நிக்கறாரு."

"இதை வெட்டக் கூடாது தம்பி. நான் ஒரு பட்டையை அறுத்துப்போட்டேன். தப்பு என்னுது. எழுதியே குடுக்கறேன்."

"ஒட்டிட்டீங்கல்ல?"

"ஒட்டிட்டேன். இங்க அறுத்தா அங்க அறுபடுது."

வின்ஸ்டன் கதவைத் தட்டுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். "இதை மேல போய்ச் சொன்னா, உங்களைத்தான் முதல்ல ஸ்கேன்ல படுக்க வெப்பாங்க."

"படுத்துக்கறேன். வேலைய விட்டு நிறுத்தறதுன்னாலும் நிறுத்திக்கங்க. ஊட்டுல சும்மா உட்காந்து தின்ன ஆளில்ல நான், எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். இதை மட்டும் குடுக்க மாட்டேன்."

"கதவை உடைக்க ஆள் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"கூட்டிட்டு வா. எங்கையில இருந்து எவன் புடுங்கறான்னு பார்க்கறேன்."

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. டெய்சி கதவில் முதுகைச் சாய்த்து, இதயத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில், அமுக்காமல், முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சில்லென்றுதான் இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. பயத்தை விழுங்கினாள். இரும்புக் குழம்பு தெறித்த அன்றும் இப்படித்தான் விழுங்கினாள்.

மூன்று மணி. யாரும் வரவில்லை.

மூன்றேகால். போன். டாக்டர் கிருபாசங்கர்.

"டெய்சிம்மா, கோவிச்சுக்காதீங்க. அதை நீங்களே வெச்சுக்கங்க. எதுக்கும் இருக்கட்டும்னு இதே படத்தைப் போத்தனூர் லேப்லயும் ஒண்ணு அடிக்கச் சொல்லியிருந்தேன். இப்பத்தான் வந்துச்சு. ஆரம்பிக்கறோம்."

"சார், வெட்டாதீங்க. புள்ள முழிச்சிருக்குதுங்க."

"பிளாஸ்டிக் தூங்குமாம்மா?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கருவிகள் தட்டில் கலகலத்தன. லைன் போய்விட்டது.

கையைப் பார்த்தாள்.

இதயத்தின் உச்சியில் நகக்கீறல் போல ஒரு கோடு. சற்றுமுன் இல்லாதது.

கோடு இறங்கியது.

"மாட்டேன்" என்றாள் டெய்சி.

கிழிசலின் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்தாள். உறுமுகிற கிரைண்டருக்கு முன்னால் முப்பது கிலோ வார்ப்பை அசையாமல் பிடித்த கை. அந்தப் பிடி. முழுப் பலம். நகக்கண்கள் வெளுத்தன.

கத்தி இல்லை. வெட்டுகிற கை இல்லை. கோடு அவள் கட்டைவிரலுக்கு அடியில் நுழைந்தது. சுண்டுவிரலைத் தாண்டி வெளியே வந்தது. தொழில் தெரிந்த ஒருவர் கிழிப்பதுபோல, நேராக, அவசரமில்லாமல், கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.