கறுப்பு எங்கே போச்சு?

எல்லாக் குழந்தைகளும் கேள்வி கேட்பார்கள். இவள் துருவித் துருவிக் கேட்பாள். அதனால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பத்து வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

நாளைக் காலையில் பார்க்கப்போகிறாள், மாமா புதிதாக வாங்கியிருக்கும் பழைய குட்டிக் காரில். ஆனால் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"அதுல இஞ்சின் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சோ! இன்னிக்கு மாத்தணும், வண்டி ஒழுங்கா ஓடணும். அப்பத்தான் கடல். இல்லேன்னா நானும் ஏறமாட்டேன், இவளையும் ஏத்தமாட்டேன்."

"அவ்வளவுதானே? நானே மாத்திடறேன்க்கா" என்று மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். மாமா தையல்காரர். கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்கு ஸ்பேனர் எம்மாத்திரம் என்பது அவர் நினைப்பு.

ஆயில் கடையில் அலமாரி முழுக்க டப்பாக்கள். மாமா இருப்பதிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்தார்.

"மாமா, இதுல 0W-20னு இருக்கு. நம்ம வண்டிப் புத்தகத்துல 10W-40னு போட்டிருக்கே. அது என்ன ரெண்டு நம்பர்?"

கடைக்கார அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போனது. "முதல் நம்பர், குளிர்ல ஆயில் எப்படி ஓடும்னு சொல்லும். அடுத்த நம்பர், இஞ்சின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்லும். உங்க மாமா எடுத்தது ரொம்பத் தண்ணியா இருக்கும், புது வண்டிக்குச் சரி. உங்க வண்டிக்கு அந்தப் புத்தகம் சொல்றதுதான்."

மாமா டப்பாவைத் திருப்பி வைத்தார். "நானும் அதைத்தான் எடுக்க வந்தேன்" என்றார்.

வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. முதலில் மாமா இஞ்சினிலிருந்து, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக்குச்சியை உருவி, ஒரு துண்டுத் துணியில் துடைத்தார். துணியில் கண்மை போலக் கறுப்பு ஒட்டியது.

"ஏன் மாமா இவ்வளவு கறுப்பு?"

"இஞ்சினுக்குள்ள இருக்கிற கரியை எல்லாம் இதுதானே வாரிக்கிட்டுச் சுத்துது."

பிறகு முன் சக்கரங்களைச் சாய்வான இரண்டு கட்டைகள் மேல் ஏற்றினார். பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோய் ஒரு மூடியைக் கழற்றினார். குபுகுபுவென்று எண்ணெய், கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. மூடியை இறுக்கிவிட்டு வெளியே வந்து, மேலே இஞ்சினில் புது ஆயிலை ஊற்றினார்.

"ஆச்சு! இதுக்குப் போயா மெக்கானிக்?" எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று வேடிக்கை பார்த்ததால் குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது.

துருவி பேசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் இருந்த எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. துணியைப் பார்த்தாள். அட்டைக் கறுப்பு.

கேட்டால் எதிர்வீட்டுக்காரர் முன்னால் மாமாவின் முகம் வாடிவிடும். கடலும் கைநழுவிப் போகலாம். துருவிக்கே முதல் முறையாக ஒரு கேள்வி தொண்டையில் நின்றது. அதற்குள் மாமா வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டுவிட்டார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "திருப்பாதீங்க மாமா." பிறகு அவர் காதருகே மெதுவாகக் கேட்டாள். "முதல்ல குச்சியில கறுப்பா இருந்துச்சு. பேசின்ல தேன் மாதிரி இருக்கு. அந்தக் கறுப்பு எங்கே போச்சு?"

மாமா சாவியை வெளியே எடுத்தார். இறங்கி வந்து அளவுக்குச்சியை உருவினார். குச்சியில் இருந்த மேல் அளவுக் கோட்டைத் தாண்டி, பிடி வரைக்கும் எண்ணெய்!

"வண்டி சரிவா நிக்குதுல்ல, கொஞ்சம் கூடக் காட்டும்."

"இவ்வளவா மாமா?"

இருவரும் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். ஒரு மூடி ஈரமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மூடி, தூசி கலையாமல் அப்படியே இருந்தது.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! நான் கழட்டினது கியர்பாக்ஸ் மூடி. கியர்பாக்ஸ் காலி. இஞ்சின்ல பழசோட புதுசும் சேர்ந்து ரெண்டு மடங்கு. ஓட்டியிருந்தா வண்டியே போயிருக்கும். அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

துருவிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. "கடை இன்னும் மூடலை மாமா. நீங்க சரியான மூடியைக் கழட்டுங்க. நான் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வர்றேன்" என்று சைக்கிளில் ஏறினாள்.

கடைக்கார அக்கா கேலி செய்யவில்லை. "ரெண்டு மூடியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். மாத்திக் கழட்டினவங்க நிறையப் பேர். வண்டியை எடுக்காம வந்தே பாரு, அதுதான் சமர்த்து." புத்தகத்தைப் பார்த்து இரண்டு விதமான ஆயிலையும் எடுத்துக் கொடுத்தார். "பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்திடாதே, இங்கே கொண்டுவந்து கொடு."

துருவி திரும்பி வந்தபோது பேசினில் கன்னங்கரேலென்று எண்ணெய் இருந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இரண்டு புது ஆயிலும் அதனதன் இடத்துக்குப் போயின. வண்டியைச் சமதரையில் இறக்கி, கொஞ்சம் பொறுத்து அளவு பார்த்தார்கள். சரியாக இருந்தது. தெருவை மூன்று முறை சுற்றினார்கள். புகையில்லை, சத்தமில்லை.

"ஒரு ஆயில் மாத்த இவ்வளவு நேரமா?" என்று அம்மா வாசலுக்கு வந்தாள்.

மாமா தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு இல்லம்மா, ரெண்டு. இஞ்சினுக்கு ஒண்ணு, கியர்பாக்ஸுக்கு ஒண்ணு" என்றாள் துருவி. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அட, என் தம்பிக்கு இவ்வளவு பொறுப்பா!"

அந்தப் பாராட்டை மாமாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "இல்லக்கா. நான் தப்பான மூடியைக் கழட்டிட்டேன். அது தெரியாம வண்டியை எடுக்கவும் போனேன். இவதான் கையைப் பிடிச்சு நிறுத்தினா."

துருவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், கடல் போச்சு.

அம்மா தம்பியின் அழுக்குக் கைகளைப் பார்த்தாள். மகளின் மூக்கில் ஒட்டியிருந்த கரியையும் பார்த்தாள்.

"காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும், சீக்கிரம் தூங்குங்க" என்றாள். உள்ளே போகப் போனவள் திரும்பினாள். "முன்சீட் எனக்கு!"