எதிரொலியும் ஒரு கொசுவும்

அம்மா தையல்காரர். வீட்டில் எல்லோரும் 'வாண்டு' என்று கூப்பிடும் அவர் மகளுக்கு அன்று அம்மாவைவிடப் படபடப்பு. சட்டைக்குக் காலர் தைப்பது எப்படி என்று அம்மா வீடியோவில் சொல்லித்தர வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அதைத் தையல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் அம்மா அங்கே ஆசிரியை.

வீடியோவில் பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று அம்மா காலையிலேயே தையல் அறையைக் காலி செய்துவிட்டார். துணிக் கட்டுகள், திரைச்சீலை, விரிப்பு எல்லாம் வாண்டுவின் அறைக்குப் போயின. மிஞ்சியவை மெஷினும் நாற்காலியும்தான்.

அண்ணன் மொபைலில் படம் பிடித்தான். போட்டுக் கேட்டதும் அம்மாவின் முகம் வாடியது.

"என்னடா, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு?"

"எதிரொலிம்மா. ஆப்புல சரி பண்ணிடறேன்."

அண்ணன் ஏதேதோ தட்டினான். எதிரொலி குறைந்தது. கூடவே பாதிச் சொற்களும் காணாமல் போயின.

"இப்போ தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு," என்றாள் வாண்டு.

மணி நான்கு. "விடுங்க. என் குரலுக்கு அவ்வளவுதான்," என்று அம்மா ஊசியைப் பெட்டியில் வைத்தார்.

வாண்டு வீடியோவை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். அம்மாவின் குரலில் என்ன குறை?

காதருகே ஒரு கொசு ரீங்கரித்தது. 'டப்' என்று அடித்தாள். காலி அறை இன்னொரு 'டப்' சொன்னது. கொசு தப்பித்து அவள் அறைக்குள் போனது. துரத்திப்போய் அங்கேயும் ஒரு 'டப்'. கொசு மாட்டிக்கொண்டது. ஆனால் இரண்டாவது 'டப்' வரவே இல்லை.

வாண்டு கட்டிலைப் பார்த்தாள். அதன்மேல் மலையாக அம்மாவின் துணிகள்.

"அம்மா, சத்தம் வெறும் சுவத்துல பட்டுத் திரும்பி வருது. துணி அதை விழுங்கிடுது. எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வாங்க."

"அலங்கோலமா தெரியுமேடி."

"கேமராவுக்குப் பின்னாடி வச்சா யாருக்குத் தெரியும்?"

விரிப்பு தரைக்கு வந்தது. திரைச்சீலை ஜன்னலில் ஏறியது. துணிக் கட்டுகள் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றன. வாண்டு மூலைக்கு மூலை கைதட்டிப் பார்த்தாள். 'டப்' திரும்பி வந்த இடத்திலெல்லாம் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

அண்ணன் மறுபடியும் படம் பிடித்தான். நான்கே முக்காலுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பள்ளியின் தலைமை ஆசிரியை போனில் பேசினார். "பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்ற மாதிரி இருக்கு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. ஆமா, எந்த ஸ்டுடியோவுல எடுத்தீங்க?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுலதாங்க. சத்தத்தை எல்லாம் என் பொண்ணு பார்த்துக்கறா."

வாண்டுவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது போல இருந்தது.

"அந்தக் கொசுவுக்கும் ஒரு நன்றி சொல்லிடு," என்றான் அண்ணன்.

"சொல்லலாம்தான்," என்றாள் வாண்டு. "ஆனா அதை அடிச்சிட்டேனே."